தலையை அசையவிடாத அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

சாரத்திலிருந்து விழுந்து இந்த மாசியோடு மூன்று வருடம் ஆகிறது. நேரில் பார்க்கும்போது ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே நாள் ஓடிவிட்டது, அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் டீக்கடை அக்கா. ஆரணிப் பக்கம் ஒரு வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது சவுக்குக் கட்டை முறிந்தது, இரண்டாவது மாடி உயரத்திலிருந்து மல்லாக்க விழுந்தேன், இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லாத மாதிரி இருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் பதறிப்போய் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்கப் பார்த்தார்கள். எதிர்க்கடையிலிருந்து ஓடிவந்த அந்த அக்காதான், "யாரும் தொடாதீங்க, 108 வரட்டும்" என்று சத்தம் போட்டு, என் தலைமாட்டில் மண்டிபோட்டு, வண்டி வரும்வரை இரண்டு கையாலும் என் தலையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். முறிந்த எலும்பு நகர்ந்தால் உள்ளே தண்டுவடம் இன்னும் நசுங்கும் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். அவருக்கு எப்படித் தெரியுமோ!

கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து முதுகை நிமிர்த்தினார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள், சரி, அப்ப கால் ஏன் வரவில்லை என்று என் வீட்டில் கேட்காத ஆள் இல்லை. ஆபரேஷன் செய்த அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் என்னை யாரும் புரட்டிப் படுக்கவைக்கவும் இல்லை. உணர்வு இல்லாததால் எனக்கும் வலிக்கவில்லை. வால் எலும்புக்கு மேலே வந்த படுக்கைப்புண் ஆறவே மூன்று மாதம் ஆனது.

வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு நிலையத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. சுவருக்குள் ஓடும் கரன்ட் பைப் மாதிரி முதுகெலும்பு, உள்ளே ஓடும் ஒயர் தண்டுவடம், ஆபரேஷன் பைப்பைத்தான் நேராக்கும், நசுங்கிய ஒயரை ஒட்டவைக்காது என்று அந்த டாக்டர் பெயின்டர்காரனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். நடப்பது கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்துவிடுவேன் என்று யாரோ சொன்னதை நம்பி என் அக்கா நகையை அடகு வைக்கக் கிளம்பியிருந்தாள், அந்த நகை தப்பியதும் இந்த டாக்டரால்தான். இந்த நிலையத்தைத் தொடங்கக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸே 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். 1966-ல் தொடங்கிய இடம். இதைக் கேட்ட அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அங்கே இருந்த நர்ஸ் சிஸ்டர்களுக்குக் கோடி நன்றி. மறுவாழ்வுப் பயிற்சி என்றால் கம்பியைப் பிடித்து நடக்கப் பழகுவது என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் கற்றுக்கொண்டது மூத்திரம் எடுக்க. பை நிறைந்தாலும் தெரியாது, தேங்கினால் கிட்னி போய்விடும், அதனால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கையைக் கழுவி நானே டியூப் விட்டு எடுக்கணும். முதல் வாரம் வெட்கத்தில் அழுதேன். இப்போது பல் தேய்ப்பது மாதிரி. ராத்திரி கண்ணாடி வைத்துப் பின்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும், நாற்காலியில் இருக்கும்போது கால் மணிக்கொருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதும் அவர்கள் திட்டித் திட்டிப் பழக்கியது.

பக்கத்துக் கட்டில் விக்கிரவாண்டி அண்ணன் பனையிலிருந்து விழுந்தவர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறப் பலகையை எந்தக் கோணத்தில் போடணும் என்பதை, தெரப்பிஸ்ட் சொல்லிக்கொடுத்ததைவிட அவர் செய்து காட்டியபோதுதான் பிடிபட்டது. "கையை நம்பு தம்பி, காலை மற" என்பார்.

ஊருக்குத் திரும்பினால் வாசலில் இரண்டு படி. மேஸ்திரி ஆறு அடிச் சரிவு போதும் என்றார். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேணும் என்று வேலூரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள், ஆக பதினாலு அங்குலத்துக்குப் பதினாலு அடி. எங்கள் வாசல் பத்தடிதான். எல்லைத் தகராறில் நாலு வருடமாகப் பேசாமலிருந்த பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "என் பக்கம் திருப்பிக்கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போதும் அதிகம் பேசுவதில்லை. பெரியப்பா, நன்றி.

பெயின்ட் கடை முதலாளிக்கும். கலர் மிக்ஸிங் மெஷினை என் உயரத்துக்கு இறக்கிவைத்து வேலை கொடுத்தார். சாம்பிள் சில்லைப் பார்த்தே எந்த ஷேடு என்று சொல்லிவிடுவேன், அதற்குக் கால் வேண்டாமே.

டீக்கடை அக்கா பெயர் மட்டும் தெரியவில்லை. போன மாதம் தேடிப் போனேன், ரோட்டை அகலப்படுத்தியதில் கடை இல்லை. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, அப்போது ஐம்பது வயது இருக்கும். எங்கே கடை போட்டிருக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சைடு வீல் வண்டி ஓட்டப் பழகிவிட்டேன், நானே வருகிறேன்.