அரங்குக்கு ஒரு ஆள்: ஆண்டுக் கூட்ட அமைப்புக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நம் கல்வித் தொழில்நுட்ப ஆண்டுக் கூட்டம் இனிதே நிறைவுற்றது என்று நீங்கள் அனுப்பிய நன்றி மடல் கிடைத்தது. படங்களையும் பார்த்தேன். அரங்கம் நிரம்பி வழிகிறது. இணையம் வழியாக வந்த எங்களில் ஒருவர்கூட எந்தப் படத்திலும் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, கூட்டத்திலேயே நாங்கள் இருந்ததாகத் தெரியவில்லையே.

இரண்டாம் நாள் மதியம் என் அமர்வில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அன்றிரவே எழுதியிருந்தேன். “தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்” என்று பதில் வந்தது. எந்தக் கோளாறும் ஏற்படவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

அமர்வு தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போதே உள்ளே வந்துவிட்டேன். என் இணைப்பு நன்றாக இருந்தது. அரங்கில் நாற்காலி இழுபடும் ஓசைகூடக் கேட்டது. அமர்வுத் தலைவர் என் பெயரைப் படித்தார். “லைன்ல இருக்காங்களா?” என்று கேட்டார். இருந்தேன். மைக்கை அழுத்தினால், பேச அனுமதி இல்லை என்று திரையில் வந்தது. அனுமதி தர வேண்டிய லேப்டாப் மேடையில் இருந்தது, அதைத் திறந்து வைத்தவர் அடுத்த அரங்குக்குப் போய்விட்டார். சாட்டில் எழுதினேன்: “இருக்கிறேன், மைக்கைத் திறந்துவிடுங்கள்.” நான்கு முறை எழுதினேன். சாட் பெட்டி, முன்பு பேசியவரின் ஸ்லைடுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. தலைவர் ஒரு நிமிடம் பொறுத்தார். அப்புறம், “வரலை போலிருக்கு, அடுத்தவங்களுக்குப் போகலாம்” என்றார்.

பேச வேண்டும் என்று காட்ட நான் அழுத்திய மஞ்சள் கைக் குறி மட்டும் என் பெயருக்குப் பக்கத்தில் அமர்வு முடியும்வரை, ஐம்பத்திரண்டு நிமிடம், தூக்கியபடியே நின்றது. என் கட்டுரையின் தலைப்பை நினைவூட்டட்டுமா? ‘இணைய வகுப்பில் பேசாத மாணவர்கள்.’ விளக்கப்படம் கேட்டிருந்தால்கூட இவ்வளவு தெளிவாகத் தந்திருக்க முடியாது.

லேப்டாப், மென்பொருள், இணைப்பு என எல்லாம் அதனதன் வேலையைச் செய்தன. அந்த லேப்டாப்புக்கு முன்னால் உட்கார ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். அதனால் என் கோரிக்கையும் சிறியது: அடுத்த ஆண்டு ஒவ்வொரு அரங்கிலும், இணையத்தில் இருப்பவர்களை மட்டும் கவனித்துக்கொள்ள ஒரு ஆளைப் போடுங்கள். வேறு வேலை எதுவும் தராத ஒரு ஆள்.

பேச முடியாமல் போனது என் ஒருத்தர் கதை என்று ஒதுக்கிவிடலாம். கேட்கக் காத்திருந்தவர்கள் பாடும் அதேதான். அரங்கின் ஒலிபெருக்கி ஒரு பாதை, லேப்டாப்பின் மைக் இன்னொரு பாதை. அரங்கின் மைக்குகளை ஒன்றுசேர்க்கும் மிக்சர் கருவியிலிருந்து லேப்டாப்புக்கு ஒலியைக் கொடுக்காவிட்டால் மேடையில் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் வரும். பார்வையாளர் மைக் இல்லாமல் கேட்கும் கேள்வி வரவே வராது. மூன்று நாளும் எங்களுக்குக் கேட்டது பதில்கள் மட்டும். “நல்ல கேள்வி” என்று பேச்சாளர் சொல்வார், என்ன கேள்வி என்று நாங்கள் ஊகித்துக்கொள்வோம். அரங்கம் சிரிக்கும், நாங்கள் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருப்போம். கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொன்னால் தீர்ந்தது. அதை நினைவூட்டக்கூட ஒரு ஆள் வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியிருப்பதுதான் வேதனை. தொலைக் கல்வியில் ‘தூரம்’ என்பது கிலோமீட்டர் கணக்கு அல்ல, உரையாடல் குறையக் குறையத் தூரம் கூடும் என்று கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் அவரை மேற்கோள் காட்டாமல் முன்னுரை எழுதுவதில்லை. இணையவழிக் கற்றலுக்குத் தேவை என்று 2000இல் காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்த சமூக இருப்பு (மற்றவர்களுக்கு நிஜ மனிதராகத் தெரிவது), அறிதல் இருப்பு, கற்பித்தல் இருப்பு பற்றியும் இந்தக் கூட்டத்தில் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. சமூக இருப்பைப் பற்றிய உரையை, மைக் பூட்டப்பட்ட நிலையில், பெயர்ப் பட்டியலில் ஒரு வரியாக இருந்து கேட்டேன். நல்ல உரைதான்.

1983இல் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் ஒன்று சொன்னார்: ஊடகம் என்பது பாடத்தைக் கொண்டுவரும் வண்டிதான், மளிகை ஏற்றிவரும் லாரியால் நம் உடம்பில் ஊட்டம் ஏறிவிடாது என்று. 1994இல் ராபர்ட் கோஸ்மா அதற்கு மறுப்பு எழுதினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை, இந்த ஆண்டும் ஒரு அமர்வு முழுக்க அதற்கே போனது. எங்களைப் பொறுத்தவரை லாரி வந்து சேரவே இல்லை. வந்த பிறகு ஊட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

சரி, கோபத்தில் எங்கோ போகிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பார்வையற்ற நண்பர் ஒருவர் கட்டுரைத் தொகுப்பைத் திறந்தபோது திரையில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் அவருடைய திரைவாசிப்பான் வாயே திறக்கவில்லை. பக்கங்களை ஸ்கேன் செய்து படமாகவே போட்டிருக்கிறீர்கள். படத்துக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்வது) வேண்டும் என்பது, மாற்றுத்திறனாளிகளுக்கும் இணையம் எட்ட வேண்டும் என்று வகுத்த இணைய அணுகல் நெறிமுறைகளின் அடிப்படை நிலையிலேயே இருக்கிறது. நேரலைப் பேச்சுக்கு எழுத்து வரிகள் வேண்டும் என்பதும் அவற்றின் 2008இல் வந்த 2.0 பதிப்பில், அடிப்படைக்கு அடுத்த ஏஏ நிலையில் இருக்கிறது. அணுகல் குறித்த அமர்வில் அன்று எழுத்து வரிகள் ஓடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் போலும்.

இணையத்தில் வருபவர்கள் சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. எனக்கு வகுப்பை விட்டு மூன்று நாள் வர விடுப்பு இல்லை. சிலர் கைக்குழந்தையோடு இருக்கிறார்கள், சிலருக்கு விசா கிடைக்கவில்லை, சிலருக்குப் பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. கல்வித் தொழில்நுட்பம் யாருக்காக என்று முகவுரைகளில் எழுதுகிறோமோ, அந்த ஆட்கள் இவர்கள்தான். கட்டணத்தில் மட்டும் எங்களை வேறாகப் பார்க்காததற்கு நன்றி.

நீங்கள் சம்பளம் வாங்காமல் உழைக்கிறீர்கள் என்பது தெரியும். மூன்று நாள் கூட்டம் நடத்துவது லேசான காரியமில்லை. ஆகவே புதிய மென்பொருள் வாங்கச் சொல்லவில்லை. புதிய கேமரா வேண்டாம். இந்த ஆண்டு அரங்க வாசலில் அடையாள அட்டையைச் சரிபார்க்க இரண்டு பேர் நின்றார்கள் என்று படத்தில் பார்த்தேன். அவர்களில் ஒருவரை உள்ளே அனுப்பி, லேப்டாப்புக்கு முன் உட்காரவையுங்கள். அமர்வுக்குப் பத்து நிமிடம் முன்பு பேச்சாளரின் மைக்கைத் திறந்து ஒருமுறை பேசிப் பார்க்கட்டும். சாட்டைப் பார்க்கட்டும். கை தூக்கியவரின் பெயரைத் தலைவரிடம் சொல்லட்டும். அரங்குக்கு ஒரு ஆள், தயவுசெய்து.

அந்த ஆளுக்கான வேலைக் குறிப்பை அரைப்பக்கத்தில் எழுதித் தர நான் தயார். அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பை அனுப்பும் முன் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன். தானியங்கிப் பதில் ஏற்கெனவே மூன்று வந்துவிட்டது. இந்த முறை யாராவது ஒருவர் படித்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
இரண்டாம் நாள் மதிய அமர்வில் ‘வராத’ பேச்சாளர்