கல்லாப்பெட்டிச் சாவி

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

போனை வைத்த பிறகுதான் உனக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. நமக்கு எப்போதுமே புத்தி படி இறங்கும்போதுதானே வரும். "தலைமைப் பண்புக்கு மார்க் போடுறியாமே, எதை வச்சுடா போடுவ, தராசு வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். உன் பட்டறையில் லேத் ஓடிய சத்தத்தில் நான் சொன்னது பாதி உனக்குக் கேட்கவில்லை. மீதிப் பாதி எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாரும் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது. தங்கச்சி கேட்ட உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வைத்துவிட்டேன், யாராவது கோயம்புத்தூர் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் எம்.பி.ஏ.வில் இரண்டாம் வருஷம் தலைமைத்துவம் என்று ஒரு தாள். உள்மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. அந்த 75-இல் தொந்தரவே கிடையாது. பிளேக், மூட்டன் என்ற இருவர் 1964-இல் போட்ட கட்டத்தை வரையச் சொன்னால் பையன்கள் ஸ்கேல் வைத்து அழகாக வரைந்துவிடுவார்கள். வேலை மேல் அக்கறை ஒரு பக்கம், ஆட்கள் மேல் அக்கறை ஒரு பக்கம், மேல் மூலையில் ஒன்பதுக்கு ஒன்பது. கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இது கே2, இது கே4 என்று அறிவின் படிநிலையை நான் குறிக்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அட்டவணை. பாடத்தின் எந்தப் பகுதி எந்த விளைவுக்கு எவ்வளவு உதவுகிறது என்று 1, 2, 3 போட வேண்டும். 'மாணவர் ஒரு குழுவை வழிநடத்தும் திறன் பெறுவார்' என்ற வரிக்கு நேரே பத்து வருஷமாக 3 போட்டு வருகிறேன். 3 என்றால் உச்சம். எதை வைத்துப் போட்டாய் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நீதான் முதல் ஆள்.

கேட்காவிட்டாலும் எனக்கு உறுத்தல் இருந்தது. ஒரு வருஷம் 'தோல்வியின்போது தலைவரின் பங்கு' என்று உள்தேர்வில் கேட்டேன். வகுப்பில் 58 பேர். நாற்பது பேருக்கு மேல் ஒரே கதையை எழுதியிருந்தார்கள். உனக்கும் தெரிந்ததுதான். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா, எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்டத்தை நடத்தியவர் கலாம். ஆனால் நிருபர்கள் முன்னால் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு வருஷம் ஜூலை 18-இல் ராக்கெட் ஜெயித்தபோது தான் ஒதுங்கிக்கொண்டு நிருபர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். கலாமே பல மேடைகளில் சொன்ன கதை. அதில் ஒரு பையன் நான்கு பக்கம் எழுதியிருந்தான். படிக்கும்போது எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. 15-க்கு 14 போட்டேன்.

அடுத்த மாதம் கல்லூரி விழா. அந்த வருஷம்தான் உள்மதிப்பீட்டில் பத்து மார்க்கை எழுத்திலிருந்து எடுத்துக் கடைக்கு மாற்றியிருந்தேன். ஆறு பேர் ஒரு குழு, இரண்டு நாள் கடை, துறை கொடுக்கும் முன்பணம் 3000 ரூபாய். நான்கு பக்கக்காரன் நன்னாரி சர்பத் கடைக்குத் தலைவன். காலை எட்டு மணிக்கு ஐஸ் பார் வந்து இறங்கியது. சாக்கு இல்லை, உமி இல்லை, வெறும் சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு பேனர் கட்டப் போய்விட்டார்கள். பதினொரு மணிக்கு நான் போனபோது தரையெல்லாம் தண்ணீர், சர்பத் வெந்நீர் மாதிரி. சாயந்தரம் குழுவை உட்காரவைத்து என்ன ஆச்சு என்று கேட்டேன். "சார், ஐஸ் இவ பொறுப்புதான் சார்" என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டினான். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவானுக்கு 14 போட்ட கை என்னுடையது.

குழுவில் ஒருவருக்கொருவர் மார்க் போடச் சொன்னேன், அறுபது புள்ளியை உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள் என்று. எல்லாத் தாளிலும் பத்து, பத்து, பத்து. கல்யாண வீட்டு மொய் தோற்றது போ. நீ எனக்கு எழுதினதை நான் உனக்கு எழுதுகிறேன், கணக்கு நேர்.

மறு வருஷம் நான் ஒரு மடத்தனம் செய்தேன். 'தவறுக்குப் பொறுப்பேற்றல், 3 மார்க்' என்று மதிப்பீட்டுத் தாளிலேயே அச்சடித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான், சவேரியார் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற மாதிரி வரிசையில் வந்துவிட்டார்கள். தப்பு என்னுதுதான் சார், தப்பு என்னுதுதான் சார். சுண்டல் கடை 1100 ரூபாய் லாபம். அந்தத் தலைவியும் வந்து, "இன்னும் லாபம் வந்திருக்கணும் சார், தப்பு என்னுதுதான்" என்றாள். அவளுக்கு என்ன போடுவது சொல்.

அப்போதுதான் நீ 89-இல் பெங்களூருக்கு எஸ்.எஸ்.பி. என்ற ராணுவ அதிகாரித் தேர்வுக்குப் போய் வந்த கதை ஞாபகத்துக்கு வந்தது. நெஞ்சில் ஒரு நம்பர், பலகை, கயிறு, மரக்கட்டை, சிவப்புப் பெயிண்ட் அடித்த இடத்தைத் தொடக்கூடாது. முதல் சவாலில் யாரையும் தலைவர் என்று சொல்லமாட்டார்கள். ஓர் அதிகாரி கையில் அட்டையோடு ஓரமாக நின்று பார்ப்பார். "அந்த ஆளு வாயே திறக்கலடா, அதுதான் பயமா இருந்துச்சு" என்றாய். இந்த முறைக்கு வேர் 1942 பிரிட்டனில் இருக்கிறது. போர்க்காலத்தில் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க வில்ஃபிரட் பியான் என்ற மனநல மருத்துவர் தலைவர் இல்லாத குழு என்பதைக் கொண்டுவந்தார். தலைவர் யாரென்று சொல்லாமல் வேலையைக் கொடுத்துவிட்டு, யார் யாரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பது. அதை வகுப்பில் செய்து பார்க்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவர்கள் ஆள் எடுக்கிறார்கள். சரக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும், இல்லாதவனை ஐந்தாம் நாள் ரயிலேற்றிவிடலாம், உன்னை ஏற்றின மாதிரி. (கோபித்துக்கொள்ளாதே, உன்னை எடுத்திருந்தால் எனக்கு யார் மோட்டார் ரிப்பேர் பார்ப்பது?) நான் சொல்லிக்கொடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். இல்லாததை வரவைக்க வேண்டும், அப்புறம் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

வழி காட்டியது நீதான், உனக்கே தெரியாது. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, புது போர்மேனை எப்படி முடிவு பண்ணினாய் என்று கேட்டேன். "அவன் லீவு போட்ட அன்னைக்கு ஷெட்டு எப்படி ஓடுதுன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த இட்லியை எடுத்தாய். நான் அன்று இரவு பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் மூன்று பேரும் 1939-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பத்து வயதுப் பையன்களைச் சங்கம் சங்கமாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற கைவேலை கொடுத்தார்கள். ஒரு சங்கத்தில் அதட்டி வேலை வாங்குகிற தலைவர், ஒன்றில் கலந்து பேசிச் செய்கிறவர், ஒன்றில் எக்கேடு கெட்டால் என்ன என்று விட்டுவிடுகிறவர். ஒரு கட்டத்தில் தலைவர் அறையை விட்டு வெளியே போவார். அதட்டுகிறவர் போனதும் அந்தப் பையன்கள் வேலையைப் போட்டுவிட்டார்கள். கலந்து பேசுகிறவர் போனபோது வேலை ஏறக்குறைய அப்படியே நடந்தது. வருஷா வருஷம் இதைப் பலகையில் எழுதிப்போட்டு மூன்று பாணிகளைப் பட்டியலிடு என்று கேட்டிருக்கிறேன். அதையே பரீட்சையாக வைக்கலாம் என்று தோன்ற உன் இட்லி தேவைப்பட்டது.

இந்த வருஷ விழாவில் அதைத்தான் செய்தேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. கடை சூடுபிடித்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு குழுத் தலைவரையும் துறை அறைக்குக் கூப்பிட்டு, போனை வாங்கி மேசையில் வைத்து, நாற்பது நிமிஷம் உட்கார் என்றேன். வெளியே இன்னோர் ஆசிரியர் கடையில் நடப்பதை மட்டும் குறித்துக்கொண்டார். நல்லவன், கெட்டவன் என்றெல்லாம் எழுதக்கூடாது, யார் என்ன செய்தார் என்று மட்டும்.

ஒரு கடையில் தலைவி போனதையே வாங்க வந்தவர்கள் கவனிக்கவில்லை. எழுந்து வரும்போது சில்லறை டப்பாவை ஒருத்தியிடம் தள்ளிவிட்டு, "எண்ணெய் குறைஞ்சா அவன்ட்ட சொல்லு" என்று ஒரே வரி சொல்லியிருக்கிறாள். இன்னொரு கடை வடைக்கடை, தலைவன் போடிநாயக்கனூர்ப் பையன். நல்ல உழைப்பாளி, காலை ஐந்து மணிக்கு வந்து மாவாட்டியவன். அவன் வந்து என் எதிரில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் கடை நின்றுவிட்டது. கல்லாப்பெட்டிச் சாவி அவன் சட்டைப் பையில். ஒருவர் 500 ரூபாய்த் தாளை நீட்ட, மீதி கொடுக்க வழியில்லாமல் ஐந்து பேரும் விழித்துக்கொண்டு நின்றார்களாம். வடை கருகியது. அவனோ சாவியை நினைக்கவில்லை, மேசையில் அதிர்ந்துகொண்டிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு தடவை அடித்தது.

பத்துக்கு மூன்று போட்டேன். சாயந்தரமே வந்துவிட்டான். "நான் இல்லாத நேரத்துக்கு எனக்கு எப்படி சார் மார்க் குறைப்பீங்க?" கேள்வி நியாயமாகத்தான் இருந்தது, எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. ஆசிரியர் குறித்த தாளை அப்படியே அவனிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தான். அப்புறம் மெதுவாக, "நாளைக்கு இன்னொரு தடவை கூப்பிடுவீங்களா சார்?" என்றான்.

மறுநாள் கூப்பிட்டேன். சாவி கடைத் தூணில் ஆணியில், சிவப்பு நூல் கட்டித் தொங்கியது. பையன் அறையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப் போனது. பாதியில் கடைப்பக்கம் ஏதோ சத்தம். எழுந்தான், ஜன்னலைப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்துகொண்டான். அன்றும் ஓர் ஈடு வடை கருகியது. திரும்பிப் போனவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை என்று ஆசிரியரின் தாளில் இருக்கிறது.

மூன்றை அடித்துவிட்டு எட்டு போட்டேன். அதில்தான் இப்போது தகராறு. மற்றவர்களுக்கு ஒரே தடவை, இவனுக்கு மட்டும் இரண்டா என்று உடன் வேலை பார்ப்பவர் கேட்கிறார். முதல் நாளே சரியாகச் செய்தவளுக்கும் எட்டு, சொல்லிக்கொடுத்த பிறகு செய்தவனுக்கும் எட்டா என்கிறார். நான் பாடம் நடத்துவதே இரண்டாம் நாளுக்காகத்தான் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்த வருஷத்துப் பையன்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்துபோகும் என்பது வேறு. தெரியட்டும், எல்லாரும் சாவியை ஆணியில் மாட்டினால் எனக்கென்ன நஷ்டம்?

நீ அந்த போர்மேனுக்கு இரண்டாவது லீவு கொடுத்துப் பார்த்தாயா, முதல் தடவையிலேயே முடிவு கட்டிவிட்டாயா? அதை எழுது. அடுத்த விழாவுக்கு இரண்டு நாள் பட்டறையைப் போர்மேனிடம் விட்டுவிட்டு வந்து சேர். கையில் ஓர் அட்டை தருகிறேன், ஓரமாக நில். வாயை மட்டும் திறக்கக்கூடாது. அது உனக்குக் கஷ்டம், தெரியும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் மாப்ளே