பெட்டியில் வரும் சைக்கிளும் மீதி 15 சதவீதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை விட்டாயிற்று. இணையத்தில் வாங்கிய குழந்தைகள் சைக்கிள்கள் அட்டைப் பெட்டியில் வீட்டு வாசலில் வந்து இறங்கும் காலம் இது. ‘85 சதவீதம் பூட்டித் தருகிறோம்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். மீதி 15 சதவீதத்தை அப்பாவோ மாமாவோ அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த 15 சதவீதத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஹேண்டில்பார், முன் சக்கரம், முன் பிரேக், பெடல், சீட், பக்கச் சக்கரம். குழந்தையைக் கீழே தள்ளக்கூடிய பாகங்கள் எல்லாமே வீட்டில் பூட்டுபவர் கைக்குத்தான் வருகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கருவிகள். பெட்டிக்குள் கிடக்கும் தகட்டு ஸ்பேனரை நம்ப வேண்டாம். முறுக்கும்போது வழுக்கி நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பிறகு நல்ல ஸ்பேனரும் அதில் பிடிக்காது. 10, 13, 15 எண் ஸ்பேனர்கள், 5, 6 எண் ஆலன் கீ, ஸ்டார் திருப்புளி, கட்டிங் பிளேயர், கொஞ்சம் கிரீஸ், ஒரு கைப்பம்பு இருந்தால் போதும். முதல் முறை பூட்டுகிறவர் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். குழந்தை தூங்கிய பிறகு உட்காருவது நல்லது. பக்கத்தில் நின்று “முடிஞ்சிச்சா, முடிஞ்சிச்சா” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஏதாவது ஒரு நட்டு பாதி முறுக்கில் நின்றுபோகிறது.

வீட்டில் பூட்டும் சைக்கிளில் அதிகம் நடக்கும் தவறு, ஃபோர்க் (முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் கவை) பின்பக்கம் பார்த்தபடியே நின்றுவிடுவது. பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ஃபோர்க்கைத் திருப்பி வைத்துத்தான் கட்டுகிறார்கள். அதைக் கவனிக்காமல் சக்கரத்தை மாட்டி, ஹேண்டிலை நேராக வைத்துப் பூட்டினால் சைக்கிள் பார்க்கச் சரியாகவே இருக்கும். ஓட்டும்போது கால் விரல் முன் சக்கரத்தில் இடிக்கும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலான தூரம் குறைந்துவிடுவதால், அழுத்திப் பிரேக் பிடித்தால் முன்னால் கவிழ்வதும் எளிது. ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். வளைவே இல்லாத நேர் ஃபோர்க் என்றால் பிரேக்கைப் பாருங்கள்: முன் பிரேக் ஃபோர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டும், சட்டத்தைப் பார்த்து அல்ல. திருப்பும்போது பிரேக் ஒயர் ஹேண்டில் கழுத்தைச் சுற்றிக்கொள்ளாமல் பார்க்கவும். எல்லாம் பூட்டிய பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தால் ஒயர் எங்கும் இழுபடக் கூடாது.

ஹேண்டில் தண்டை உள்ளே இறக்கும் முன் லேசாகக் கிரீஸ் தடவுங்கள்; இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். தண்டில் சுற்றிலும் சிறு கோடுகளாக ஒரு குறி வெட்டியிருக்கும். அந்தக் குறி வெளியே தெரியவே கூடாது. உயரம் போதவில்லை என்று அதற்கு மேலே இழுத்துப் பூட்டினால், உள்ளே பிடிமானம் போதாமல் தண்டு வளையும் அல்லது முறிந்து கையோடு வரும். மேலே உள்ள போல்ட்டை இறுக்கியபின் முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகுங்கள். அசையக் கூடாது. ஹேண்டில்பாரைக் கவ்வும் போல்ட்டையும் சோதிக்க, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக் கீழே அழுத்துங்கள். பார் சுழன்றால் இன்னும் இறுக்க வேண்டும்.

முன் சக்கரத்தை ஃபோர்க்கின் காடியில் அச்சு கடைசிவரை போய் உட்காரும்படி மாட்ட வேண்டும். சக்கரம் ஒரு பக்கம் உரசினால் உடனே ரிம்மில் கோட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அச்சு ஒரு பக்கம் முழுதாக இறங்காததுதான் காரணம். கொக்கி வைத்த வாஷர் ஒன்று இருக்கும். ஏதோ கூடுதலாக வந்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் கொக்கி ஃபோர்க்கில் உள்ள சிறு துளையில் மாட்ட வேண்டும். நட்டு தளர்ந்தாலும் சக்கரம் கழன்று விழாமல் பிடிப்பது அதுதான். நட்டுகளை இரு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கிய பிறகு அச்சின் மரை நட்டுக்கு வெளியே ஓரிரு சுற்றாவது தெரிய வேண்டும். பின் சக்கரத்தில் மட்கார்டு கம்பி, ஸ்டாண்டு, பக்கச் சக்கரத் தகடு என்று எல்லாவற்றையும் ஒரே அச்சில் அடுக்கும்போது நட்டுக்குப் பாதி மரைகூட மிஞ்சாமல் போவதுண்டு. அப்படியானால் ஸ்டாண்டைக் கழற்றிவிடுங்கள். சின்னக் குழந்தையின் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

அடுத்தது பெடல். இடது பெடலுக்கு எதிர் மரை. மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். அச்சின் முனையில் L, R என்ற எழுத்து பொறித்திருக்கும். சீட்டில் உட்கார்ந்தவரின் இடது, வலது அது. எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி முன் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும், பின்னால் இழுத்தால் கழலும். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மரையில் கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்றை விரலாலேயே முறுக்குங்கள். விரலுக்கு மசியவில்லை என்றால் பக்கம் மாறியிருக்கிறது அல்லது கோணலாக ஏறுகிறது. அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை போய்விடும். அப்புறம் பெடல் பூட்டும் தண்டான கிராங்க்கையே மாற்ற வேண்டியதுதான். விரலால் முழுக்க ஏறியபின் 15 எண் ஸ்பேனரால் நன்றாக இறுக்கலாம். பின்னால் புதுப் பெடல் வாங்கும்போது பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். குழந்தைகள் சைக்கிளில் அரை அங்குல மரையும் உண்டு, 9/16 அங்குல மரையும் உண்டு. ஒன்று மற்றதில் பொருந்தாது.

பிரேக்கில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மின் மேல் முழுதாகப் படிய வேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் சில நாளில் டயரின் பக்கச் சுவரை அறுத்து டியூப் வெடிக்கும். கீழே இறங்கினால் ரிம்மை விட்டு வழுக்கி ஸ்போக்ஸில் மாட்டும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் இருக்கலாம். கட்டையின் முன் முனை பின் முனையைவிட ஒரு நூல் முந்தித் தொடும்படி வைத்தால் கீச்சென்று கத்தாது. ஒரு கட்டை மட்டும் உரசிக்கொண்டே இருந்தால், நடுவில் ஒரே போல்ட் உள்ள பிரேக்கில் பின்னால் இருக்கும் நட்டைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி இறுக்க வேண்டும். இரண்டு கை தனித்தனியாக நிற்கும் வி-பிரேக் என்றால் உரசும் பக்கத்துச் சிறு திருகை உள்ளே முறுக்கினால் அந்தக் கை விலகும். வி-பிரேக்கில் வளைந்த சிறு குழாய் ஒன்று ஒயரைத் தாங்கும். பெட்டிக்குள் அது கொக்கியிலிருந்து கழன்றே வரும். சக்கரத்தை மாட்டியபின் அதைத் திரும்ப மாட்ட மறந்தால் பிரேக் என்று ஒன்றே இல்லை.

ஒயரைப் பிளேயரால் இழுத்துப் பிடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்குங்கள். லீவரை முழுப் பலத்தோடு பத்து முறை அழுத்துங்கள். ஒயர் வழுக்குவதானால் ரோட்டில் நடக்காமல் இங்கேயே நடக்கட்டும். லீவரை அழுத்திப் பிடித்த நிலையில் கைப்பிடிக்கும் லீவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். இதைப் பெரியவர் கையால் மட்டும் சோதித்து நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. ஐந்து வயதுக் குழந்தையின் விரல் லீவரை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் லீவருக்கு உள்பக்கம் உள்ள சின்னத் திருகை உள்ளே முறுக்கினால் லீவர் கைப்பிடியை நோக்கி நகரும். நகர்ந்தபின் ஒயரைச் சற்றுத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். பிறகு குழந்தையே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து பிரேக் பிடிக்கட்டும். பின் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் நின்று தேய வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். எந்தக் கைக்கு எந்தப் பிரேக் என்பதும் அப்போதே குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

பக்கச் சக்கரம் இரண்டும் தரையைத் தொட்டபடி பூட்டக் கூடாது. சிறு பள்ளத்தில் இறங்கினாலே பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். பெடல் வீணாகச் சுற்றும், பின் பிரேக்கும் பிடிக்காது. தரையிலிருந்து அரை முதல் ஒரு சென்டிமீட்டர் உயரம் விட்டு, இரு பக்கமும் சமமாகப் பூட்டுங்கள். லேசாக ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தில்தான் பேலன்ஸ் பழகுகிறது. திருப்பத்தில் வேகமாகப் போனால் பக்கச் சக்கரம் வெளிப்பக்கம் கவிழ்க்கும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

சைக்கிளின் அளவு பற்றி ஒரு வார்த்தை. வளர்கிற பிள்ளை என்று பள்ளிச் சீருடையை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைப்பதுபோல் சைக்கிளையும் பெரிதாக வாங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சீட்டில் உட்கார்ந்தால் பழகும் குழந்தையின் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். சட்டத்தின் மேல் கால் பரப்பி நின்றால் கீழே இரண்டு விரற்கடை இடைவெளி வேண்டும். சீட் கம்பியிலும் ஹேண்டிலில் உள்ளதைப் போலவே குறி உண்டு. குறி அழிந்திருந்தால் 7 சென்டிமீட்டராவது கம்பி உள்ளே இருக்கட்டும். சீட்டைக் கையால் திறக்கும் லீவர் வைத்த வண்டிகளில் குழந்தைகள் அதைத் திறந்து மூடி விளையாடுவார்கள். அதை எடுத்துவிட்டுச் சாதாரண போல்ட் போடுவது மேல்.

கைப்பிடி ரப்பர் பார்வைக்குச் சின்ன விஷயம். அதன் முனை கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். விழும்போது ஹேண்டில் திரும்பி அந்தக் குழாய் முனை வயிற்றில் குத்துகிறது. வெளியே சிராய்ப்புகூடத் தெரியாமல் உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ காயப்படக்கூடும். ஹேண்டில் வயிற்றில் குத்திய குழந்தை வயிற்றுவலி என்றாலோ வாந்தி எடுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். புது ரப்பரை மாட்டச் சோப்புத் தண்ணீர் போதும். ஒரு நாள் காயவிட்டால் இறுகிவிடும். எண்ணெய் தடவி மாட்டினால் ஓட்டும்போது கையோடு உருவிக்கொண்டு வரும்.

செயினை நடுவில் விரலால் தூக்கி அழுத்தினால் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் ஆட வேண்டும். கிராங்க்கைச் சுற்றிக்கொண்டே பார்த்தால் ஓரிடத்தில் மிக இறுக்கமாக இருக்கும். அந்த இடத்தில் வைத்தே அளவெடுங்கள். செயின் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், பிளந்த முனை பின்னால். மாறிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். எண்ணெய் விடும்போது அடுப்படியிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவராதீர்கள். தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிடும். தையல் மெஷின் ஆயில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். செயினுக்கு வேண்டிய எண்ணெய் உள்ளேதான். வெளியே நிற்பது மண்ணைத்தான் இழுக்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இருப்பதால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும். ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைக்கும்போது ரிம் பளபளக்கட்டும் என்று அதில் எண்ணெய் தடவுவதுண்டு. அன்று மாலையே குழந்தை பிரேக் இல்லாத வண்டியில்தான் ஏறும். தெரியாமல் தடவிவிட்டால் சோப்புத் தண்ணீரில் ரிம்மைக் கழுவி, கட்டையை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் மிகவும் தாமதமாகத்தான் பிடிக்கும். மழை நாளில் சைக்கிளை வெளியே எடுக்க வேண்டாம்.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 16 அங்குல டயருக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரும். பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் வைக்காதீர்கள். சின்ன டியூப் இரண்டு மூன்று நொடியில் நிரம்பி வெடிக்கும். கைப்பம்பில் கொஞ்சம் அடித்ததும் நிறுத்தி, டயரின் ஓரக் கோடு ரிம்மைச் சுற்றிலும் ஒரே சீராகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகு மீதியை அடியுங்கள்.

முதல் நாள் ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து மறுமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். புது ஒயர் இழுபட்டு, நட்டுகள் படிந்து கொஞ்சம் தளரும், அது இயல்பு. அதன்பின் வாரம் ஒரு முறை காற்று, பிரேக், செயின், அச்சு நட்டு இந்த நான்கையும் பார்த்தால் ஐந்து நிமிடம் ஆகாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹேண்டில் கழுத்தில் ‘டக் டக்’ என்று கேட்டாலோ, சக்கரம் பக்கவாட்டில் ஆடினாலோ அது கோன், கப் (உள்ளே குண்டுகள் உருளும் பாகங்கள்) வேலை. கோட்டம் எடுப்பதும் அப்படித்தான். இவற்றை வீட்டில் முயல வேண்டாம், தெருமுனைச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று: 20 அங்குலச் சைக்கிளில் கேரியர் இருந்தால் தம்பி, தங்கை ஏறுவார்கள், குதிகால் ஸ்போக்ஸில் மாட்டும். கேரியரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

விற்பவர்களுக்கு எங்கள் கோரிக்கை இரண்டு. தமிழ்நாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் பாகங்களின் படத்தோடு தமிழில் ஒரு தாள் வையுங்கள். ஃபோர்க்கில் ‘இதை முன்னால் திருப்பவும்’ என்றும், பெடல்களில் ‘இடது’, ‘வலது’ என்றும் தமிழில் சிவப்பு அட்டை கட்டி அனுப்புங்கள். ஆயிரக்கணக்கில் விலை வைக்கும் வண்டிக்கு ஒரு தாளும் மூன்று அட்டையும் பெரிய செலவாகாது.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
திருச்சி