செம்புத் தண்ணீர் தீர்வல்ல, முதல் நான்கு வாரத்தைத் தவறவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

குழந்தைகளின் அரிய மரபணு நோய்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வில்சன் நோயைப் பற்றி நன்றாக எழுதியிருந்தீர்கள், ஆனால் அதற்கு நேரெதிரான மெங்கஸ் நோயை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். குழந்தைகள் வார்டில் செவிலியராக இருப்பதால் மிச்சத்தை நானே எழுதுகிறேன்.

வில்சனில் தாமிரம் உடம்பில் தேங்கும். மெங்கஸில் ஏடிபி7ஏ என்ற மரபணு பழுதானதால், பாலில் வரும் தாமிரம் குடலின் செல்களிலேயே மாட்டிக்கொண்டு ரத்தத்துக்கும் மூளைக்கும் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. இதைச் சொன்னதும் வீட்டுப் பெரியவர்கள் செம்புக் குடத்துத் தண்ணீரைப் புகட்டலாமா என்று கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம், வாய்வழியாக எவ்வளவு கொடுத்தாலும் அதே குடலில்தான் நிற்கும். அதனால்தான் காப்பர் ஹிஸ்டிடினேட் என்ற தாமிர மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறார்கள், முதல் வயது முடியும்வரை தினமும் இரண்டு வேளை. இந்தச் சிகிச்சைக்கு வழி திறந்தவர் டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் ஆய்வு செய்த, வங்காளத்தில் பிறந்த பிபுதேந்திர சர்க்கார்.

சரி, மருந்து இருக்கிறதே, பிறகென்ன கவலை? நேரம்தான், பிறந்த முதல் நான்கு வாரத்துக்குள் ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். குழந்தை பிறந்தபோது பெரும்பாலும் நன்றாகவே தெரியும், இரண்டு மூன்று மாதத்தில் வலிப்பு வரும், நின்ற தலை நிற்காது, முடி இரும்பு நார் போல முறுக்கி உடையும். அந்த முடியைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பதற்குள் மூளை பாதிக்கப்பட்டிருக்கும், அதன்பின் ஊசி போட்டாலும் இழந்தது திரும்புவது கடினம். அமெரிக்காவில் ஸ்டீபன் கேலர் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த சில நாட்களிலேயே நோய் கண்டறிந்து சிகிச்சை தொடங்கிய 12 குழந்தைகளில் 92 சதவீதம் பேர் பல ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். முன்பு தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களில் அது 13 சதவீதம்தான். எல்லோரும் முழுமையாகத் தேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், மரபணுவின் வேலை கொஞ்சமாவது மிச்சமிருந்த குழந்தைகளுக்குத்தான் பலன் அதிகம்.

இன்னொரு சிக்கல், பிறந்த முதல் வாரங்களில் எல்லாக் குழந்தைக்குமே ரத்தத்தில் தாமிரமும், அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதமும் குறைவாகத்தான் இருக்கும், அதை மட்டும் வைத்து நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, மரபணுப் பரிசோதனை வேண்டும். ஆனால் யாருக்குப் பரிசோதிப்பது என்று எப்படித் தெரியும்? குடும்பத்தைக் கேட்டால்தான் தெரியும்.

இந்த நோய் தாய்வழியில் எக்ஸ் குரோமோசோம் மூலம் வருகிறது, பாதிக்கப்படுவது கிட்டத்தட்ட எல்லாமே ஆண் குழந்தைகள். சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்று ஊரில் பேசுவது இந்த நோய்க்குப் பொருந்தாது. அப்புறம், பழியைத் தாயின் தலையில் போடுபவர்களுக்கு ஒன்று: ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு மரபணு மாற்றம் புதிதாகவே ஏற்படுகிறது, தாயிடம் அது இருப்பதே இல்லை. இருந்தாலும் அது அவள் செய்த தவறா என்ன? இப்படிப் பேசிப் பேசித்தான் பெண்கள் முதல் குழந்தை இறந்த காரணத்தை வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள், அடுத்த குழந்தைக்கு இருந்த ஒரே எச்சரிக்கையும் அதோடு போய்விடுகிறது.

கர்ப்பப் பதிவின்போது கிராம சுகாதார செவிலியர் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் கேட்கிறார். அதோடு, "உங்கள் மூத்த மகன், கூடப்பிறந்த தம்பி, அக்கா மகன், தாய்மாமன் யாராவது கைக்குழந்தையிலேயே வலிப்பு வந்து இறந்திருக்கிறார்களா?" என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும். ஆம் என்றால் பிரசவத்துக்கு முன்பே மரபணு ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும். இந்த ஊசி மருந்து தமிழ்நாட்டில் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை சுகாதாரத் துறை எல்லா மாவட்ட மருத்துவமனைகளுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நோய் உறுதியான பிறகு மருந்தைத் தேடி அலைய அந்தக் குழந்தைக்கு நேரமில்லை.

— குழந்தைகள் வார்டு செவிலியர், கரூர்