வரைஞ்சவர் பேரையாவது போட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஜப்பான், கொரியா காமிக்ஸ் பத்தி கட்டுரை வந்திருக்குன்னு ஆசையா எடுத்துப் படிச்சேன் சார். ரெண்டாவது பத்திலயே "வேலைவெட்டி இல்லாத பசங்க பார்க்கற பொம்மைக் கதை"ன்னு ஒரு வரி. மீதிய படிக்க மனசே வரல. எங்க அப்பா காலத்துலேர்ந்து வீட்டுக்கு வர்ற பத்திரிகை, அந்த உரிமைல எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

அந்தப் படங்கள யாராவது பார்த்துட்டுதான் அச்சுக்கு அனுப்பினாங்களா? மங்காவ, அதான் ஜப்பான் காமிக்ஸ, வலதுலேர்ந்து இடதுக்குப் படிக்கணும், உங்களுக்குத் தெரியாததில்ல. நீங்க கட்டங்கள வெட்டி இடதுலேர்ந்து அடுக்கிட்டீங்க, கதைல வர்ற பொண்ணு கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே பையன் பதில் சொல்லிட்டு கதவ சாத்திட்டுப் போயிடறான், படிக்கறவங்களுக்கு என்ன புரியும்? பக்கத்துலயே சோலோ லெவலிங்ங்கற கதையோட படம், கீழ "ஜப்பானிய மங்கா"ன்னு. அது மன்வா சார், அதாவது கொரியா காமிக்ஸ், போன்ல மேலேர்ந்து கீழ தள்ளிக்கிட்டே படிக்கறதுக்குன்னே கலர்ல வரையறது. சூகோங் எழுதின நாவல், அத 2018லேர்ந்து படக்கதையா வரைஞ்சவர் ஜாங் சங்-ராக். 2022 ஜூலைல மூளைல ரத்தக்கசிவு வந்து இறந்துட்டார், வயசு வெறும் 37. அவர் வரைஞ்ச படத்த அரைப்பக்கத்துக்குப் போடத் தெரிஞ்சவங்களுக்கு அவர் பேரப் போட ஒரு ஓரம் கூடவா கிடைக்கல?

இது இன்னைக்கு நேத்து கோவம் இல்ல. 2021 மே மாசம் பெர்செர்க்ங்கற மங்காவ வரைஞ்ச கென்டாரோ மியூரா 54 வயசுல போனப்பவும் நம்ம பத்திரிகைல ஒரு வரி வரல, அப்பவே கடிதம் எழுதினேன், அதையும் போடல. 1989லேர்ந்து அந்த ஒரே கதையோட வாழ்ந்த மனுஷன். ஒரு இரும்புக் கவசத்த வரைஞ்சார்னா அதுல இருக்கற ஒவ்வொரு கீறலும் பேனாவால இழைச்சதா இருக்கும். முடிவு என்னன்னு அவர் வாயால கேட்டிருந்த நண்பர் கோஜி மோரி மேற்பார்வைலதான் அவரோட உதவியாளர்கள் 2022லேர்ந்து கதைய தொடர்றாங்க. இவங்களா வேலைவெட்டி இல்லாதவங்க?

ஜப்பான்ல வாரப் பத்திரிகைல மங்கா தொடர் வரையறவங்க வாராவாரம் 19, 20 பக்கம் முடிச்சுக் குடுக்கணும், வாசகர் ஓட்டுல பின்னாடி போனா சில மாசத்துலயே தொடர நிறுத்திடுவாங்க. வீக்லி ஷோனென் ஜம்ப்ங்கற மங்கா வாரப் பத்திரிகைய 1994 கடைசில ஒரே இதழ் 65 லட்சத்துக்கு மேல அச்சடிச்சாங்க, பத்திரிகை நடத்தற உங்களுக்கு அது எவ்ளோ பெரிய உழைப்புன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அதே ஜம்ப்லதான் 1973ல கெய்ஜி நகசாவா ஹிரோஷிமா அணுகுண்டு பத்தின வெறுங்கால் கென் கதைய ஆரம்பிச்சார். ஹிரோஷிமால குண்டு விழுந்தப்போ அவருக்கு 6 வயசு, அப்பா, அக்கா, தம்பி எல்லாரையும் அன்னைக்கே பறிகுடுத்தவர். புத்தகத்தையே தொடமாட்டான்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்ன என் பொண்ணு அத இங்கிலீஷ்ல படிச்சுட்டு ராத்திரி சாப்பாடு வேணாம்னு படுத்துட்டா, மறுநாள் ரெண்டாம் உலகப்போர் பத்தி என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்கே பதில் தெரியல. அவ ஸ்கூல்ல ஒரு டீச்சர் அதே புத்தகத்த "கார்ட்டூன்"னு பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க, நான் போய் கேட்டுதான் வாங்கினேன். புத்தகக் கண்காட்சிக்குப் போனா இதெல்லாம் கலரிங் புக் பக்கத்துல கெடக்கு. உங்கள மாதிரி பத்திரிகையே பொம்மைக் கதைன்னு எழுதினா அவங்கள நான் என்னன்னு சொல்ல?

பெருசா எதுவும் கேக்கல. அடுத்த இதழ்ல சோலோ லெவலிங் கொரியா மன்வா, வரைஞ்சவர் ஜாங் சங்-ராக்னு ஒரு வரி திருத்தம் போடுங்க. அந்த மங்காப் பக்கத்தையும் சரியான வரிசைல, வரைஞ்சவர் பேரோட திரும்பப் போடுங்க.

இப்படிக்கு,
வருத்தத்துடன் ஒரு நெடுநாள் வாசகி,
சேலம்.