கையெழுத்து போட அவசரப்படாதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா போனில் கத்தியதை மனசில் வைத்துக்கொள்ளாதே. வீடியோ கேம் அணியிலிருந்து உன்னை நீக்கிவிட்டு, பதினெட்டு வயசுப் பையன் ஒருவனை உன் இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால்தான் உடனே டிக்கெட் போட்டு ஊருக்கு வா என்றார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இங்கே ரீயூனியன் தீவில், சென்ட் ஆந்த்ரேயில் லிச்சி கொத்துக் கொத்தாகப் பழுத்துக் கிடக்கிறது, ஆயா தினமும் உன்னைக் கேட்கிறாள். இருந்தாலும் இப்போது வராதே. முதலில் அவர்கள் உன் கையில் கொடுத்த அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிசாக்கிப் படித்தேன். இரண்டு தரப்பும் மனமொத்து ஒப்பந்தத்தை இன்றோடு முடித்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். நீ எங்கே மனமொத்தாய்? கணக்காளர் அலுவலகத்தில் சம்பளச் சீட்டு போட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இந்த வாசகத்தில் கையெழுத்து போட்டுவிட்டு, மீதி மாதச் சம்பளம் எங்கே என்று பிறகு வந்து கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே பேனாவைத் தொடாதே.

பிரான்சில் உங்களைப் போன்ற வீடியோ கேம் ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 2016 அக்டோபரில் வந்த டிஜிட்டல் குடியரசுச் சட்டத்தில் அது சேர்ந்தது. அரசாங்க அனுமதி பெற்ற கிளப் என்றால் உன்னைச் சேடேடேயில், அதாவது குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில்தான் எடுக்க வேண்டும். பொதுவாகக் குறைந்தது 12 மாதம், அதிகபட்சம் 5 வருஷம். கிளப் நினைத்தபோது தன்பாட்டுக்கு முறித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தாலும் அந்த வரி செல்லாது. இன்னொன்றும் உண்டு, இதை உங்கள் மேனேஜர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். ஆட வைக்காவிட்டாலும், ஒப்பந்தம் முடிகிற வரை மற்றவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி வசதியை உனக்கும் கொடுத்தாக வேண்டும். பயிற்சி அறைச் சாவியைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்களாமே, எந்தக் கணக்கில் கேட்டார்கள்?

ஆனால் இதெல்லாம் உனக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. சின்ன கிளப்புகள் பல, பிள்ளைகளை ஆட்டோ-ஆன்ட்ரப்ரனராக, அதாவது சுயதொழில்காரராகப் பதிய வைத்து, மாதாமாதம் பில் போடச் சொல்லிப் பணம் கொடுக்கின்றன. உன்னுடையதும் அப்படியா? சேரும்போது கேட்டேன், "எல்லாம் சரியா இருக்கும்மா" என்றாய். சரியாக இருக்கிறது என்றால் என்ன இருக்கிறது?

சரி, இனி உன் மனசுக்கு வருகிறேன்.

கார்மின் என்ற பிரெஞ்சு அணியின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டம் இந்த வீட்டுக்கு உன்னால்தான் வந்தது. நீ போன பிறகும் உன் தங்கச்சி விடவில்லை, நானும் கூட உட்கார்ந்து பார்த்துப் பழகிவிட்டேன். உன்னைப் போல் மற்றவர்களுக்குத் துணையாக ஆடும் சப்போர்ட் ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்பது இன்னமும் எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் யாரை எப்போது நீக்கினார்கள், யாரைக் கொண்டுவந்தார்கள் என்பது சம்பளச் சீட்டு போடுகிறவளுக்குத் தானாகவே மனப்பாடம் ஆகிவிடும்.

அஸ்ட்ராலிஸ் என்ற அணியின் இடத்தை விலைக்கு வாங்கி 2024-ல் ஐரோப்பாவின் பெரிய லீக்கில் நுழைந்தார்களே, முதல் குளிர்காலத்தில் கடைசி இடம். பிரெஞ்சு ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய கபோஷார் அந்த வருஷமே போனார், கொரியாவிலிருந்து கான்னா வந்தார். தொடக்க காலத்திலிருந்தே கூட இருந்த சாக்கனும் கோடைக்குள் போய்விட்டார். அவர் இடத்துக்கு அவர்களுடைய இரண்டாம் அணியிலிருந்து விளாடி. அந்த அணியிலிருந்தே 2025-க்குக் கலிஸ்த் என்ற பிரெஞ்சுப் பையன் வந்தான், அப்செட் என்பவரின் இடத்துக்கு. அப்செட் ஒன்றும் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. அவர் ஃபெனடிக் அணிக்குப் போய் அங்கே ஆடினார்.

அந்த வருஷம் வந்த இன்னொருவர் யைக். ஜி2 அணி அவரை விட்டுவிட்டு, பிடிஎஸ்ஸின் இரண்டாம் அணியிலிருந்து ஸ்கியூமாண்டை அவர் ஆடிய ஜங்கிள் இடத்துக்கு எடுத்துக்கொண்டது. அதே ஜி2-வை மார்ச் 2 அன்று இறுதிப்போட்டியில் யைக் இருந்த கார்மின் அணி 3-0 என்று அடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு அங்கே எப்படி இருந்ததோ, எங்களுக்கு இரண்டு நாள் முன்னால்தான் கராஸ் புயல் வீசி முடிந்திருந்தது. தீவில் 5 பேர் செத்துப்போனார்கள். எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, பக்கத்து வீட்டுத் தகரம் நம் லிச்சி மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் தங்கச்சி காரின் முன்சீட்டில் உட்கார்ந்து சார்ஜர் வயரைப் போனில் செருகி, சிக்னலுக்காகக் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி வைத்திருந்தாள். படம் எங்கே ஓடியது? எழுத்தில் வரும் ஸ்கோரைத்தான் பார்த்தாள். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் அவள் போட்ட கூச்சலில், கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்து அப்பா உள்ளே ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தார்.

அப்புறம் அதே மாதம் சியோலில் ஃபர்ஸ்ட் ஸ்டாண்ட் என்ற சர்வதேசப் போட்டியில் இறுதிப்போட்டி வரை போய் ஹன்வா என்ற கொரிய அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். அது தோல்வி என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இலையுதிர்காலத்தில் உலகக் கோப்பைக்குப் போக முடியவில்லை. அவ்வளவுதான், நவம்பரில் விளாடியும் இல்லை, தார்காமாஸும் இல்லை. மார்ச்சில் கோப்பையைத் தூக்கிய ஐந்து பேரில் இரண்டு பேருக்கு அந்த வருஷ முடிவிலேயே நன்றி போஸ்டர். அந்தப் போஸ்டரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கறுப்புப் பின்னணியில் பையன் முகம், கீழே ஒரு நன்றி. அதன் கீழே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள். உன் போஸ்டருக்குக் கீழே எழுதியதைப் படிக்காதே. தங்கச்சி படித்துவிட்டு இரண்டு பேருக்குப் பதில் எழுதிவிட்டாள், நான் திட்டினேன். அவள் எழுதியது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

உன் இடத்திலேயே ஆடும் தார்காமாஸை எடுத்துக்கொள். 2021-ல் கார்மினோடு ஐரோப்பியக் கோப்பை வென்றார். அங்கிருந்து ஜி2 போய் 2022 வசந்தத்தில் லீக்கையே வென்றார். ஆனாலும் அங்கே நிலைக்கவில்லை, எக்செல் அணிக்குப் போனார். பிறகு கார்மினுக்கே திரும்பி வந்து 2024-ல் கடைசி இடத்தைப் பார்த்தார், அடுத்த வருஷம் கோப்பையைப் பார்த்தார், அந்த வருஷ முடிவில் மறுபடி வெளியே. இந்தத் தொழிலில் ஒருவரை நீக்குவதற்குத் திறமை மட்டுமா காரணம்? கூட ஆடுகிறவனோடு ஒத்துப்போகிற மொழி, சம்பளக் கணக்கு, ஸ்பான்சர், புதிய கோச்சின் விருப்பம் என்று என்னென்னவோ இருக்கிறது. உன்னிடம் எது குறை என்று ஊகித்துக்கொண்டு தூங்காமல் கிடக்காதே. கோச்சிடம் நேராகக் கேள். எழுத்தில் கேள். அவர் உருப்படியாகப் பதில் சொன்னால் அதை வேலைக்கு எடுத்துக்கொள், மழுப்பினால் விட்டுவிடு.

அந்தப் புதுப் பையனிடம் முறைத்துக்கொள்ளாதே. உன்னை எடுத்தது அவன் இல்லை. அவனுக்கும் எங்கேயோ ஒரு அம்மா, என் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அப்பாவிடம் நான் பேசிவிட்டேன். ஜனவரி கடைசி வரை பொறு என்று ஒத்துக்கொண்டார். அதற்குள் வேறு அணி, மாற்று ஆட்டக்காரர் இடமானாலும் சரி, கிடைத்தால் போ. இல்லையென்றால் பாதியில் விட்ட படிப்பை செப்டம்பரில் முடிக்கப் பதிவு செய்ய வேண்டும், இது என் நிபந்தனையும்தான். அதுவரை வீட்டு வாடகையில் பாதியை நான் அனுப்புகிறேன். அப்பாவிடம் தொகையைச் சொல்லாதே.

பார்சலில் மாங்காய் அஷார் ஊறுகாய் இரண்டு பாட்டில், மஞ்சள்தூள், ஆயா கொடுத்த திருநீறு வருகிறது. பாட்டில் மூடியைப் பார்த்துத் திற, போன தடவை எண்ணெய் கசிந்துவிட்டது.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும், இணைப்புகளோடு, படம் எடுத்து அனுப்பு. உங்கள் மணிக்கு மாலை ஆறுக்குள் அனுப்பினால் எங்களுக்கு ஒன்பது, நான் விழித்திருப்பேன். அதற்குள் மேனேஜர் கூப்பிட்டால், அம்மா படித்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா