பிரவுசரை மாற்றும் முன் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையப் பாதுகாப்பு பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளில் 'இன்காக்னிட்டோவில் (பிரவுசரில் தனியாகத் திறக்கும் மறைநிலை விண்டோவில்) போனால் யாருக்கும் தெரியாது' என்ற யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. நீங்களாவது தயவுசெய்து அதைப் போடாதீர்கள். அதே கணினியில் அடுத்து உட்காருகிறவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஹிஸ்டரி பதிவாகாது, எல்லா இன்காக்னிட்டோ டேபையும் மூடியதும் குக்கீகள், அதாவது உங்களை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்புகள், அழிந்துவிடும். ஆனால் நீங்கள் போகும் தளத்துக்கும், இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும், அலுவலக நெட்வொர்க் என்றால் அலுவலகத்துக்கும் நீங்கள் வந்துபோனது தெரியத்தான் செய்யும். இந்த விவகாரத்தில்தான் அமெரிக்காவில் 2020-ல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசமாகி, அப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

சரி, அப்போது எந்த பிரவுசர் நல்லது? எல்லோரும் கேட்பது இதைத்தான். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது குரோமியம் என்ற ஒரே அடிப்படை நிரல்தான். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் வேறு. ஆனால் உள்ளே ஓடும் எஞ்சினைவிட, இன்ஸ்டால் செய்ததும் எது ஆன், எது ஆஃப் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் பெரும்பாலோர் அதற்குப் பிறகு செட்டிங்ஸ் பக்கமே போவதில்லை. மூட்டுவலி பற்றி ஒரு தளத்தில் படிக்கிறீர்கள், அப்புறம் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க வேறொரு தளத்துக்குப் போகிறீர்கள். இரண்டிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தால், அது வைத்த குக்கீ இரண்டு இடத்திலிருந்தும் அதற்கே திரும்பிப் போகும். இரண்டு தளத்துக்கும் வந்தது ஒரே ஆள் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். இந்த மூன்றாம் தரப்பு குக்கீகளை சஃபாரி 2020-லேயே தானாக, முழுமையாகத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கிறது. இரண்டு வருடத்தில் நிறுத்திவிடுகிறோம் என்று 2020-ல் சொன்ன குரோம், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து 2024-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆகவே குரோமில் இருப்பவர்கள் தாங்களாகவே செட்டிங்ஸில் 'தனியுரிமை மற்றும் பாதுகாப்பு' பகுதிக்குப் போய் மூன்றாம் தரப்பு குக்கீகளைத் தடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு நிமிட வேலை. என்னைக் கேட்டால் ஃபயர்ஃபாக்ஸ் என்றுதான் சொல்வேன், ஆனாலும் குரோமில் பழகிய பெரியவர்களைப் பிடித்து இழுத்து மாற்ற வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இருக்கும் இடத்திலேயே சரிசெய்து கொடுத்தால் போதும்.

நிறைய பேர் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஆர்வத்தில் எல்லாவற்றையும் கடுமையாக்கி வைப்பார்கள், எங்காவது பணம் செலுத்தும் பக்கம் பாதியில் நின்றுவிடும், லாகின் சுற்றிக்கொண்டே இருக்கும், உடனே வெறுத்துப்போய் மொத்தத்தையும் ஆஃப் செய்துவிடுவார்கள். அப்படிச் செய்யத் தேவையே இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் ஒரு கேடயம் இருக்கும், அதைத் தொட்டு அந்த ஒரு தளத்துக்கு மட்டும் பாதுகாப்பைத் தளர்த்தலாம். மற்ற தளங்களுக்கு எல்லாம் அப்படியே இருக்கும். குரோமிலும் அதே குக்கீ பக்கத்தில், அனுமதிக்கும் தளங்கள் என்று ஒரு பட்டியலில் அந்த முகவரியைச் சேர்த்துவிடலாம்.

விளம்பரத் தடுப்பான் ஒன்று போதும். யூபிளாக் ஆரிஜின் ஃபயர்ஃபாக்ஸில், ஆண்ட்ராய்டு உட்பட, முழுதாக வேலை செய்கிறது. எக்ஸ்டென்ஷன்களுக்கான, அதாவது பிரவுசரில் நாம் சேர்க்கும் இதுபோன்ற துணை நிரல்களுக்கான, விதிகளை கூகுள் மாற்றியதால் குரோமில் அதன் லைட் என்ற குறைந்த வசதியுள்ள வடிவம்தான் ஓடும். தனியுரிமைக்கு என்று நாலைந்து எக்ஸ்டென்ஷன்களை அடுக்குவது எதிர்விளைவாகவும் முடியலாம். குக்கீயே இல்லாவிட்டாலும் திரையின் அளவு, எழுத்துருக்கள், எக்ஸ்டென்ஷன்கள் விட்டுவைக்கும் தடயங்கள் இவற்றைச் சேர்த்து ஒருவரை அடையாளம் காண முடியும். இணைய உரிமைகளுக்காகப் போராடும் அமெரிக்க அமைப்பான எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த பிரவுசர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் தனித்துத் தெரிந்தன. தமிழ் எழுத்துருக்களை வகைவகையாக நிறுவி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதோடு, 'எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்க, மாற்ற' அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷனை யார் எழுதினார்கள் என்று தெரியாமல் போடவே கூடாது.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்கே. செய்தித் தளங்களைத் திறந்ததும், ஒரு வரி படிக்கும் முன்பே, நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது, உங்கள் தளம் உட்பட. வயதானவர்கள் அதை விலக்குவதற்காகவே 'அனுமதி'யை அழுத்திவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று பயமுறுத்தும் மோசடித் தளத்துக்கும் அதே பொத்தானைத்தான் அழுத்துவார்கள். பிரவுசரின் தள அனுமதிகளில் இந்தக் கேள்வியே வராதபடி செய்யலாம் என்பதைப் படத்தோடு ஒரு நாள் வெளியிடுங்கள். உங்கள் தளத்தில் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, வேண்டும் என்பவர்கள் தாங்களே தொட்டுக்கொள்ள ஓரமாக ஒரு மணிச் சின்னம் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்